அலுவலகத்தில் எல்லோரும் எழுதும் ஒரு விக்கி: தொடங்குவது முதல் பழக்கமாக்குவது வரை

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நான் அப்போது கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. சில நாட்கள் நித்திரை இல்லாமல் ஓடினோம். எந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை குடும்பம், எந்த வீதியால் உழவு இயந்திரம் மட்டும் போகும், பால்மாவையும் பாயையும் கடனுக்குத் தரக்கூடிய கடை எது, சமைக்கப் பெரிய கிடாரம் யாரிடம் இருக்கிறது என்று அந்த நாட்களில் நாங்கள் அறிந்துகொண்டது கொஞ்சமல்ல.

இரண்டு வருடம் கழித்து, 2020 மார்கழியில், புரெவிப் புயல் வருகிறது என்றார்கள். பழைய விவரங்களைத் தேடினோம். ஒரு பட்டியல், வேலையை விட்டுப் போனவரின் மடிக்கணினியோடு போய்விட்டது. இன்னொன்று ஒரு வட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் படங்களுக்குக் கீழே எங்கோ கிடந்தது. கிடாரம் யாரிடம் இருந்தது என்பது சாரதி அண்ணைக்கு மட்டும் ஞாபகம் இருந்தது.

அதற்குப் பிறகுதான் விக்கியை இரண்டாம் முறை தொடங்கினோம். முதல் முறை எடுத்த முயற்சி ஏற்கெனவே தோற்றுப் போயிருந்தது. மென்பொருளை நிறுவினேன், மண்டபத்தில் புரொஜெக்டர் வைத்து ஒரு நாள் பயிற்சி கொடுத்தேன், எல்லோருக்கும் கடவுச்சொல் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எழுதியிருந்தது நான் ஒருவன்தான். இங்கே சொல்வது அந்த இரண்டு முறையும் கற்றவை.

விக்கி என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசிப்பவரே திருத்தக்கூடிய பக்கங்களின் தொகுதி, அவ்வளவுதான். அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் 1995இல் முதல் விக்கியை வெளியிட்டார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய ‘விக்கி விக்கி’ பஸ்ஸின் பெயரை எடுத்து வைத்தார். 2001இல் விக்கிப்பீடியா வந்தது, 2003இல் தமிழ் விக்கிப்பீடியா. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்க்கும் நூலகம் தளம், 2005இல் தொடங்கியது, அதுவும் விக்கி மென்பொருளில்தான் இயங்குகிறது. அலுவலக விக்கியும் இதே வேலைதான், ஆட்கள் குறைவு.

படி 1: கேள்விகளை ஒரு கொப்பியில் சேருங்கள்

மென்பொருளை இப்போது தொட வேண்டாம். ஒரு மாதம் கொப்பியும் பேனையுமாக இருங்கள். அலுவலகத்தில் யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று குறியுங்கள். அதே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள்.

எங்கள் கொப்பியில் கோடு கூடியவை இவை: பயணப்படி விண்ணப்பத்தோடு என்னென்ன இணைக்க வேண்டும். மல்லாவிக்கு வாகனம் எந்த நாளில் போகிறது. கமக்காரர் அமைப்புக்குக் காசோலை கொடுக்கும்போது யார் யார் ஒப்பமிட வேண்டும். பிரதேச செயலகத்துக்கு எழுதும் கடிதத்தின் மாதிரி எங்கே இருக்கிறது. பிரிண்டரில் கடதாசி இறுகினால் என்ன செய்வது.

நிறுவனத்தின் தூரநோக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் முறை நான் எழுதிய முதற்பக்கம் அதுதான். ஆட்கள் ஏன் திரும்பி வரவில்லை என்பது கொப்பியைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

படி 2: எல்லோரும் யாரிடம் போய்க் கேட்கிறார்களோ, அவரிடம் போங்கள்

விக்கியைத் தொடங்க நினைப்பவர் வழக்கமாக இரண்டு பேரிடம் போவார்: பணிப்பாளரிடம், அல்லது கணினி தெரிந்த தம்பியிடம். இருவரும் தேவைதான். ஆனால் முதலில் போக வேண்டிய இடம் வேறு.

எங்கள் கணக்குப் பகுதியில் ஒரு அக்கா இருந்தார். காலை எட்டரையில் இருந்து அவர் மேசைக்கு ஆள் மாறி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். விக்கி நல்லது என்று அவரிடம் நான் விளக்கவில்லை.

“அக்கா, ஒரு நாளைக்கு எத்தனை பேர் உங்களிட்டப் பயணப்படி பற்றிக் கேக்கினம்?” என்றேன்.

“அதை ஏன் கேக்கிறீர் தம்பி” என்று பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்தேன். பதினைந்து நிமிடத்தில் ஒரு பக்கம் ஆனது. அடுத்த நாள் வந்து கேட்டவரிடம் அவர் சொன்னது: “விக்கியில போட்டிருக்கு, ஒருக்காப் பார்த்திட்டு வாங்கோ. விளங்காட்டிக் கேளுங்கோ.” நான் நாள் முழுக்க வைத்த பயிற்சி செய்யாததை அந்த ஒரு வசனம் செய்தது.

எல்லோரும் இப்படி உடனே இணங்கமாட்டார்கள். “எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் எழுதிக் குடுத்திட்டால், அடுத்த வருசம் ஒப்பந்தம் புதுப்பிப்பினமோ?” என்று ஒரு கள உத்தியோகத்தர் என்னிடம் நேரடியாகவே கேட்டார். நியாயமான கேள்வி. திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடியும் என்று இருப்பவருக்கு, தலைக்குள் இருப்பதுதான் கைமுதல். இதற்கு ஆறுதல் வார்த்தை போதாது. முகாமையாளர் முன்வந்து, எழுதிய பக்கங்களும் வருடாந்த மதிப்பீட்டில் கணக்கில் வரும் என்று அறிவிக்க வேண்டும், அப்படியே செய்தும் காட்ட வேண்டும். யார் எந்தத் திகதியில் என்ன எழுதினார் என்பதை விக்கியின் வரலாற்றுப் பக்கம் தானாகவே வைத்திருக்கும். மதிப்பீட்டுக் கூட்டத்தில் அதைத் திறந்து காட்டலாம். அதற்கு நிர்வாகம் உடன்படாவிட்டால் விக்கியைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

படி 3: எதை எழுதக்கூடாது என்பதை முதலில் எழுதுங்கள்

எழுத்துப் பற்றி வன்னியில் இன்னொரு பயமும் இருக்கிறது. 2008, 2009இல் இடம்பெயர்ந்தபோது காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் பொலித்தீன் பைகளில் சுற்றிக்கொண்டு எத்தனையோ பேர் ஓடினார்கள், எத்தனையோ பேர் இழந்தார்கள். பெயர் உள்ள ஒரு தாள் தவறான கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்று அஞ்சி, இருந்ததையும் எரித்தவர்கள் உண்டு. அந்த நாட்களைக் கடந்து வந்த ஒருவர் “இதையெல்லாம் எழுதி வைக்க வேணுமோ?” என்று கேட்டால், அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள்.

நாங்கள் முதலில் எழுதிய பக்கத்தின் தலைப்பு ‘விக்கியில் போடக் கூடாதவை’. பயனாளிகளின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்ப விவரம், பெண்கள் தனியே வந்து சொன்ன பிரச்சினைகள், காணிப் பிணக்குகள் ஒன்றும் அங்கே வராது. வேலை செய்யும் முறையை எழுதலாம், ஆட்களின் கதையை எழுதக்கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். அந்தப் பக்கத்தை வாசித்த பிறகுதான் இரண்டு மூத்த உத்தியோகத்தர்கள் எழுதச் சம்மதித்தார்கள்.

படி 4: மென்பொருளும் இடமும்

இதற்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். இரண்டில் ஒன்றை எடுங்கள். விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி இலவசம், தமிழ் இடைமுகம் உண்டு, 2020இல் வந்த 1.35 பதிப்பில் இருந்து குறியீடு தெரியாதவரும் வேர்ட் போலத் திருத்தும் வசதி கூடவே வருகிறது. ஆனால் ஒரு பக்கத்தைச் சிலருக்கு மட்டும் காட்டும் வேலைக்கு அது உகந்ததல்ல. டோக்குவிக்கியும் இலவசம். அதற்குத் தரவுத்தளம் தேவையில்லை, பக்கங்கள் வெறும் எழுத்துக் கோப்புகளாக இருக்கும், யார் எதைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு உள்ளேயே உண்டு. கோப்புறையைப் பென் டிரைவில் பிரதி எடுத்தால் காப்புப் பிரதி தயார். சிறு அலுவலகத்துக்கு நான் டோக்குவிக்கியையே சொல்வேன்.

கரண்டும் இணையமும் நம்பிக்கை இல்லாத இடமென்றால், அலுவலகத்திலேயே ஒரு பழைய கணினியில் நிறுவி, ரவுட்டர் வழியாக எல்லோருடைய போனுக்கும் கொடுக்கலாம். யூபிஎஸ் ஒன்று கட்டாயம். ஆனால் புதுக்குடியிருப்பிலும் துணுக்காயிலும் உப அலுவலகம் இருந்தால், வாடகைச் சேர்வரில் வைப்பதுதான் சரி.

படி 5: தமிழில் எழுதத் தடையாக இருப்பதை நீக்குங்கள்

என் அனுபவத்தில் பாதிப் பேர் விக்கியில் எழுதாததற்குக் காரணம் விக்கி அல்ல, விசைப்பலகை. எங்கள் அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் பழகிய கைகள் அதிகம். பாமினியில் தட்டிய பழைய கடிதத்தை விக்கியில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கும். பார்த்தவர் “நான் எதையோ உடைச்சிட்டன்” என்று பயந்து எழுந்துவிடுவார், பிறகு வரமாட்டார்.

ஆகவே இரண்டு ஏற்பாடு வேண்டும். பழைய கோப்புகளை யுனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் எழுத்துமுறைக்கு, மாற்றித் தரும் மாற்றியின் இணைப்பை விக்கியின் முதற்பக்கத்திலேயே வையுங்கள். கணினிகளில் எ-கலப்பை அல்லது என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை நிறுவி, பாமினி விசையமைப்பையே தெரிவுசெய்து கொடுங்கள். விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், விழுவது யுனிகோடாக இருக்கும். புது விசையமைப்பைப் பழகச் சொல்லி யாரையும் வருத்தாதீர்கள்.

தலைப்பு வைக்கும்போதும் ஒரு கவனம். தமிழில் சொல் வேற்றுமை ஏறினால் உருமாறிவிடும். ‘வாய்க்கால்’ என்று தேடுபவருக்கு ‘வாய்க்காலில்’ என்று எழுதிய பக்கம் அகப்படாமல் போகலாம். தலைப்பைப் பெயர்ச்சொல்லாகவே வையுங்கள். ஒரே இடத்தை இரண்டு விதமாக எழுதும் வழக்கம் இருந்தால், உதாரணமாக முத்தையன்கட்டு, முத்தையன்கட்டுக்குளம், ஒன்றைத் திறந்தால் மற்றப் பக்கத்துக்குத் தானாகப் போகும்படி வழிமாற்றுப் போட்டுவிடுங்கள். தேடி அகப்படாதவர் இரண்டாம் முறை தேடமாட்டார், பழையபடி எழுந்து அக்காவின் மேசைக்குத்தான் போவார்.

படி 6: இருபது பக்கம் நட்டுவையுங்கள், இடைவெளியும் விடுங்கள்

வெறும் விக்கியை யாருக்கும் காட்ட வேண்டாம். கொப்பியில் கோடு கூடிய கேள்விகளுக்குப் பதிலாக ஏறத்தாழ இருபது பக்கம் இருந்த பிறகு கதவைத் திறவுங்கள். ஆனால் எல்லாவற்றையும் நிறைவாக எழுதி முடித்துவிடாதீர்கள். நிறைவான பக்கத்தைப் பார்ப்பவர் வாசித்துவிட்டுப் போய்விடுவார். குறையுள்ள பக்கம்தான் ஆளைப் பிடித்து இருத்தும்.

‘வெள்ளம் வந்தால்’ என்று ஒரு பக்கம் தொடங்கியிருந்தோம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, சுவசெரிய அம்புலன்ஸின் 1990, பள்ளிக்கூடங்களின் பெயர்கள், போகும் பாதைகள் என்று எனக்குத் தெரிந்த அளவில் இருந்தது. ஒரு பிற்பகல் வாகனக் கொட்டிலில் சாரதி அண்ணையிடம் என் போனைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கண்ணாடி இல்லை. கையை நீட்டிப் பிடித்து, வாய்க்குள் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“தம்பி, இது பிழை. மழைக்கு இந்தப் பாலத்தால போகேலாது. பின்னால சுத்தித்தான் வரவேணும்.”

“திருத்திவிடுங்கோ அண்ணை.”

“உந்த ரைப் பண்ணுற வேலை எனக்கு வராது.”

தொகு என்பதை அழுத்தி, கூகுள் விசைப்பலகையில் மைக் படத்தைக் காட்டி, சொல்லுங்கோ என்றேன். மேடையில் நிற்பவர் போல நிமிர்ந்து நின்று சொன்னார். வசனம் விழுந்தது. ‘பாலத்தால்’ மட்டும் ‘பழத்தால்’ என்று வந்திருந்தது. வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஒரு சொல்லைத் தானே அழித்துத் தானே தட்டினார். சேமித்ததும் வரலாற்றுப் பக்கத்தில் அவர் பெயரைக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை பார்த்தால், எந்தெந்த வீதிக்கு எந்த வாகனம் எடுக்க வேண்டும் என்று இன்னும் மூன்று வரி சேர்ந்திருந்தது.

ஆகவே, நீங்கள் எழுதும் ஒவ்வொரு பக்கத்திலும் அது யாருக்கு நன்றாகத் தெரியுமோ அவருக்கென்று ஒரு இடத்தை விட்டுவையுங்கள். பிறகு அவரிடம் கொண்டுபோய்ப் ‘பாருங்கோ, சரியோ’ என்று கேளுங்கள். எழுதச் சொன்னால் தயங்குபவர்கள் பிழையைக் கண்டால் பேசாமல் இருக்கமாட்டார்கள்.

படி 7: ஒரு சிரமதானம்

குளக்கட்டுத் துப்புரவுக்கும் வாய்க்கால் வெட்டுக்கும் ஊர் கூடுவது போல விக்கிக்கும் ஒரு நாள் கூட வேண்டும். நாளைப் பார்த்து வையுங்கள், பட்டம் தப்பினால் நட்டம். ஐப்பசியில் காலபோக விதைப்பும் மழையும், மார்கழியில் ஆண்டறிக்கை. சிறுபோக அறுவடை முடியும் ஆவணிக் கடைசிதான் களத்தில் நிற்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விடும் நேரம்.

காலை ஒன்பதில் இருந்து பன்னிரண்டரை வரை போதும். தொடங்கும்போது எல்லோர் முன்னாலும் ஒரு முழுப் பக்கத்தை நான் அழித்தேன். மண்டபத்தில் ஒரு ‘ஐயோ’ கேட்டது. வரலாற்றைத் திறந்து, இரண்டு சொடுக்கில் திரும்பக் கொண்டுவந்தேன். “இதுக்கு மேல பெரிய பிழையை இங்க ஒருத்தரும் விடேலாது” என்றேன். பயிற்சி அவ்வளவுதான்.

பிறகு இரண்டு இரண்டு பேராக இருத்துங்கள். ஒருவருக்கு விசயம் தெரிந்திருக்க வேண்டும், மற்றவருக்குத் தட்டச்சு. பெரும்பாலும் ஒரு மூத்தவரும் ஒரு பயிலுநருமாக அமையும். கொப்பியில் உள்ள ஒரு கேள்வி ஒரு சோடிக்கு. நாற்பது நிமிடம் கழித்துப் பக்கங்களை மாற்றுங்கள். மற்றச் சோடி வாய் திறந்து கேட்காமல் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்து வேலையைச் செய்து பார்க்க வேண்டும். பயணப்படிப் படிவத்தை நிரப்பிய பயிலுநர் தங்கச்சி மூன்றாம் வரியிலேயே நின்றுவிட்டார். செலவுத் தலைப்பு இலக்கம் எங்கே எடுப்பது என்று யாரும் எழுதவில்லை. இருபது வருடம் கணக்குப் பார்த்த அக்காவுக்கு அது எழுத வேண்டிய விசயமாகவே படவில்லை. அந்த இடத்தில் ஒரு வரி ஏறியது. இப்படி நிற்கிற இடங்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்த நாள். தேத்தண்ணியும் றோல்ஸும் நிறுவனச் செலவில் இருக்கட்டும்.

படி 8: பதிலை விக்கியில் போட்டு, இணைப்பை அனுப்புங்கள்

சிரமதானத்துக்குப் பிறகு ஒரு மாதம் மிக முக்கியம். வட்ஸ்அப் குழுவில் கேள்வி வரத்தான் போகிறது. குழுவை மூடச் சொல்ல வேண்டாம், தோற்றுப் போவீர்கள். கேள்வி வந்தால், பதிலை முதலில் விக்கியில் எழுதுங்கள், பிறகு இணைப்பைக் குழுவில் போடுங்கள். ஏற்கெனவே இருந்தால் இணைப்பு மட்டும். ‘விக்கியில் பார்க்கத் தெரியாதா’ என்ற தொனி மட்டும் வரவே கூடாது. கேட்டவர் இரவு எட்டு மணிக்கு ஒட்டுசுட்டானில் மோட்டார் சைக்கிளோடு நிற்பவராக இருக்கலாம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலையும் விக்கியில் வையுங்கள். தன் விசயம் கூட்டத்தில் வர வேண்டுமென்றால் அவரவரே அந்தப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். பணிப்பாளர் செய்ய வேண்டியது இரண்டு: கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக் கதைப்பது, வாரத்தில் ஒரு தடவையாவது தானே ஏதாவது திருத்துவது. செய்யக் கூடாதது ஒன்று: எழுத்துப்பிழையை எல்லோர் முன்னாலும் சுட்டிக் காட்டுவது. லகர ளகரத்துக்காக ஒருவர் ஒரு தடவை வெட்கப்பட்டால், அவர் திரும்ப எழுத ஒரு வருடம் பிடிக்கும். பிழையைக் கண்டவர் பேசாமல் திருத்திவிட்டுப் போகலாம், விக்கி அதற்குத்தானே.

ஆனால் கமக்காரர் அமைப்பு போன்ற சங்கங்களின் கூட்டறிக்கைப் புத்தகத்தை விக்கிக்கு மாற்ற வேண்டாம். ஒப்பமிட்ட அந்தப் புத்தகம்தான் அத்தாட்சி.

படி 9: பெரியவர் எழுதியதைத் திருத்துவது

இது எங்கள் ஊர்களுக்கே உரிய சிக்கல். வயதில் மூத்தவர் எழுதியதை மாற்றினால் மரியாதைக் குறைவு என்று இளையவர்கள் ஒதுங்குவார்கள். பக்கம் பிழையாகவே கிடக்கும். நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம்: எண், திகதி, எழுத்துப்பிழை என்றால் கேட்காமல் திருத்தலாம். வேலை செய்யும் முறையையே மாற்றுவதென்றால், அந்தப் பக்கத்தைப் பற்றிக் கதைப்பதற்கென்று உள்ள உரையாடல் பக்கத்தில் ‘ஐயா, இந்த இடத்தில் இப்போது இப்படிச் செய்கிறோம், மாற்றட்டுமா?’ என்று எழுதிவிட்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் மாற்றலாம். இந்த வழக்கத்தையே ஒரு பக்கமாக எழுதி, முதலில் ஒரு மூத்தவரின் பக்கத்தை அவருடைய சம்மதத்தோடு திருத்திக் காட்டுங்கள். எங்களுக்கு அந்த வாய்ப்பைத் தந்தவர் ஓய்வு பெறும் வயதில் இருந்த விவசாய ஆலோசகர். தன் பக்கத்தில் மூன்று பேர் கை வைத்ததைப் பார்த்து, “இப்பதான் இது வடிவா இருக்கு” என்று சொன்னார்.

படி 10: களை பிடுங்குதல்

நூறு பேர் பார்க்கும் விக்கியில் அடிக்கடி எழுதுபவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள். அதைப் பார்த்துச் சோர வேண்டாம், வாசிப்பவர்களும் பயன்படுத்துபவர்கள்தான். பக்கங்களின் எண்ணிக்கையையும் அறிக்கையில் போட்டுப் பெருமைப்பட வேண்டாம். பழைய கொப்பியை எடுத்து மறுபடி ஒரு மாதம் கோடு போடுங்கள். கோடு குறைந்திருந்தால் விக்கி வேலை செய்கிறது.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அரை மணித்தியாலம் அண்மைய மாற்றங்களைப் பார்ப்பது, இரண்டு பக்கத்தை ஒன்றாக்குவது, காலாவதியானதைக் கழிப்பது அவர் வேலை. எல்லாவற்றிலும் விரைவில் பழுதாவது தொலைபேசி எண்கள்தான். கிராம அலுவலர் இடமாற்றம் பெறுவார், கடைக்காரர் சிம் மாற்றுவார். அதனால் பக்கத்தின் தலையில் ‘கடைசியாகச் சரிபார்த்த திகதி’ என்று ஒரு வரி வையுங்கள். யாராவது வேலையை விட்டுப் போவதாக அறிவித்தால், கடைசி இரண்டு கிழமையில் ஒரு நாளைத் தன் பக்கங்களைப் பார்த்து முடிப்பதற்கென்றே ஒதுக்கிக் கொடுங்கள்.

‘வெள்ளம் வந்தால்’ பக்கத்தை நாங்கள் ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும், மழைக்கு முன், சரிபார்க்கிறோம். இருவர் இருந்து ஒவ்வொரு எண்ணுக்கும் அழைத்துப் பார்ப்பார்கள். கிடாரம் வைத்திருப்பவரிடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்கள். பாதைகளைச் சாரதி அண்ணை பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை அச்சிட்டு, மேலே திகதி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒவ்வொரு வாகனத்தின் டாஷ்போர்டிலும் வைக்கிறோம். தண்ணீர் ஏறும் இரவில் கரண்டும் இருக்காது, சிக்னலும் இருக்காது. போன வருடத்துத் தாளை எடுத்துக் கிழித்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும் என்பது சாரதி அண்ணை அந்தப் பக்கத்தின் அடியில் தானே சேர்த்த வரி.